5.0 லிட்டர் கொயோட் வி8-க்கு சூப்பர்சார்ஜர் பொருத்துவது எப்படி

2015 முதல் 2017 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் 5.0 லிட்டர் கொயோட் என்ஜினை வைத்து இதை எழுதுகிறோம். காரணம் எளிது. அமெரிக்காவில் வீட்டுக் கராஜில் சூப்பர்சார்ஜர் (என்ஜின் பெல்ட்டால் சுற்றி, அதிகக் காற்றை உள்ளே தள்ளும் கருவி) ஏறும் என்ஜின்களில் இதுவும் ஒன்று. பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. எது தாங்கும், எது தாங்காது என்பதும் நன்றாகத் தெரிந்துவிட்டது. போர் 92.2 மி.மீ., ஸ்ட்ரோக் 92.7 மி.மீ., கம்ப்ரஷன் 11.0:1. கம்பெனி கொடுத்தது 435 ஹெச்பி. நல்ல கிட் ஒன்றை ஒழுங்காகப் பொருத்தினால், என்ஜின் உள்ளே எதையும் தொடாமலே 600 ஹெச்பியைத் தாண்டலாம்.

"ஒழுங்காக" என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. ப்ளோயரை (சூப்பர்சார்ஜருக்கு இன்னொரு பெயர்) என்ஜின் மேல் உட்கார வைப்பது பெரிய வேலை இல்லை. கை பழகியவர் இருவர் ஒரு வார இறுதியில் முடித்துவிடுவார்கள். என்ஜினைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் மூன்று: பெட்ரோல் போதுமான அளவு போகிறதா, உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடு, ஸ்பார்க் எப்போது அடிக்கிறது. உடைந்த கொயோட்களில் பெரும்பாலானவை அதிக பூஸ்டால் (ப்ளோயர் ஏற்றும் கூடுதல் காற்றழுத்தத்தால்) உடைந்தவை அல்ல. இந்த மூன்றில் ஒன்று தவறி, அதைக் கவனிக்காமல் ஓட்டியதால் உடைந்தவை.

எந்த வகை ப்ளோயர்

சென்ட்ரிஃபியூகல் வகையில் பூஸ்ட், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 3,000 ஆர்பிஎம்மில் ஒன்றும் தெரியாது, 7,000-ல் முழுதாக வரும். கீழ் வேகத்தில் டார்க் குறைவாக இருப்பதால் கனெக்டிங் ராடுக்கு நிம்மதி. ட்வின் ஸ்க்ரூவும் ரூட்ஸ் வழி வந்த ஈட்டன் டிவிஎஸ்ஸும் (நம்மூர் மொபெட் கம்பெனி இல்லை) சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளுபவை. ஆக்சிலரேட்டரை அழுத்திய மாத்திரத்தில் பூஸ்ட் தயார். தெருவில் ஓட்டுகிற காருக்கு இதுவே சுகம். இங்கே விவரிப்பது சுற்றுக்கு 2.3 லிட்டர் தள்ளும் டிவிஎஸ் ப்ளோயர். அழுத்தத்தில் சூடேறிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

வாங்கும்போது முழு கிட்டாக வாங்குங்கள். ப்ளோயர் ஓரிடம், இன்ஜெக்டர் வேறிடம், ஈசியூ (என்ஜினை நடத்தும் கணினி) ஃபைல் மூன்றாமிடம் என்று சேர்த்தால் மிச்சமாகும் பணம் டைனோ (காரை நிறுத்தி வைத்தே ஹெச்பி அளக்கும் கருவி) வாடகையில் போய்விடும். கலிஃபோர்னியாவில் பதிவான காரென்றால், அம்மாநிலக் காற்று வள வாரியம் அந்தக் கிட்டுக்குக் கொடுத்த எக்ஸிக்யூடிவ் ஆர்டர் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஸ்டிக்கர் என்ஜின் அறையில் இல்லாவிட்டால் புகைச் சோதனையில் கார் தேறாது. இந்தியாவிலும் இந்தக் கார் 2016 முதல் இறக்குமதியாகி விற்றது. ஆனால் இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது.

பூஸ்ட் கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை இழுக்கும். 4.95 லிட்டர் என்றால் சுற்றுக்கு 2.48 லிட்டர். கிராங்க் புல்லி 170 மி.மீ., ப்ளோயர் புல்லி 85 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ப்ளோயர் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். கிராங்க் சுற்று ஒன்றுக்கு 4.6 லிட்டர். ரோட்டர் இடுக்கில் 7 சதவீதம் பின்னால் கசிந்தால் மிச்சம் 4.28. இதை 2.48-ஆல் வகுத்தால் 1.73. அதாவது என்ஜின் தானே இழுப்பதைவிட 73 சதவீதம் அதிகக் காற்று. இன்டர்கூலருக்குப் பிறகும் காற்றில் கொஞ்சம் சூடு மிஞ்சுவதால் காகிதத்தில் 0.8 பார் வரை வரும். ஃபில்டர் தடையும் வால்வ் ஓவர்லாப்பும் கொஞ்சம் தின்ன, கேஜில் 0.6 முதல் 0.7 பார் தெரியும். பிஎஸ்ஐ கணக்கில் 9 முதல் 10.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் ஒன்றைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்த வகை ப்ளோயரில் உள்ளே போகும் காற்றின் எடையை முடிவு செய்வது புல்லி. அந்த எடை மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்பதை முடிவு செய்வது சூடு. நல்ல ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இன்டர்கூலர் நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) போட்ட பிறகு கேஜ் அரை பிஎஸ்ஐ குறைவாகக் காட்டினால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அதே காற்று குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. அதைக் கண்டு பயந்து சின்ன புல்லி மாட்டுவது வினையை விலைக்கு வாங்குவது.

7,000 ஆர்பிஎம்மில் இந்த ப்ளோயர் 14,000 சுற்றும். உங்கள் ப்ளோயருக்குத் தயாரிப்பாளர் விதித்த உச்ச வேகத்தைப் பார்த்துவிட்டே புல்லி அளவைக் குறையுங்கள். அந்த வேகத்தில் ப்ளோயரைச் சுற்ற மட்டும் 60, 70 ஹெச்பி பெல்ட் வழியாகப் போகிறது. பெல்ட்டைப் பற்றிப் பின்னால் இவ்வளவு பேசுவது அதனால்தான்.

பெட்ரோல்

பூஸ்ட் உள்ள என்ஜின் ஒரு ஹெச்பியை ஒரு மணி நேரம் தர ஏறத்தாழ 0.28 கிலோ பெட்ரோல் குடிக்கும். 600 ஹெச்பிக்கு மணிக்கு 168 கிலோ. எட்டு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 21 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 475 சிசி அளவில். இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 560 சிசி இன்ஜெக்டர் தேவை. கார் வரும்போது இருக்கும் இன்ஜெக்டர் இதற்கு எட்டாது. கிட்டில் வருவதன் அளவையும், அது எந்த அழுத்தத்தில் அளந்த எண் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 3 பாரில் அளந்த எண்ணும் 4 பாரில் அளந்த எண்ணும் ஒன்றல்ல.

இன்னொரு கண்ணி: ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தம் மாறாமல் நிற்கும் அமைப்பில், இன்ஜெக்டர் முனைக்கு எதிராக பூஸ்ட் தள்ளுகிறது. ரெயிலில் 3.8 பார் இருந்தாலும் மேனிஃபோல்டில் 0.7 பார் இருக்கையில் மிஞ்சும் வித்தியாசம் 3.1 தான். சரியாக எப்போது அதிகப் பெட்ரோல் வேண்டுமோ அப்போது இன்ஜெக்டர் குறைவாகத் தருகிறது. டேங்கில் உள்ள பம்பும் மூச்சு வாங்கத் தொடங்கும். இந்த ஹெச்பிக்கு வழக்கமான தீர்வு பம்புக்கு வோல்டேஜ் பூஸ்டர். பூஸ்ட் ஏறும்போது 13.5 வோல்ட்டை 17-க்கு மேல் உயர்த்தி பம்பை வேகமாகச் சுற்றும். அதற்கு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரும் ஃபியூஸும் போடுங்கள். பழைய மெல்லிய வயரிலேயே இணைத்தால் ஏற்றிய வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும்.

ஆக்டேன்: அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் எழுதியிருக்கும் 91-ம் 93-ம் ஆர்ஓஎன், எம்ஓஎன் இரண்டின் சராசரி. ஆர்ஓஎன் கணக்கில் 93 என்பது 97, 98. 91 என்பது 95, 96. 93-க்கு எழுதிய டியூனை (ஈசியூ ஃபைலை) 91 மட்டுமே கிடைக்கும் ஊரில் போட்டு ஓட்டினால் நாக் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) வரும். 11:1 கம்ப்ரஷனில் இதற்கு மன்னிப்பு கிடையாது.

சூடு

0.7 பார் பூஸ்டில், 65 சதவீதத் திறன் கொண்ட ப்ளோயர், 35 டிகிரி காற்றை 112 டிகிரி அளவுக்கு ஏற்றிவிடும். அதை 55-க்கு இறக்குவது இன்டர்கூலரின் வேலை. உச்ச வேகத்தில் அது சுமக்க வேண்டிய வெப்பம் 30 கிலோவாட்டுக்கு மேல். இந்தச் சுற்றில் தண்ணீர் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால், இந்த வெப்பத்தை வாங்கி 25 டிகிரி அளவில் சூடேறும். ஹோஸ் மடங்கியோ காற்று அடைத்தோ 10 லிட்டராகக் குறைந்தால் 50 டிகிரி ஏறும். இன்டர்கூலர் பெரியதா சின்னதா என்ற வாதமெல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்த நீர்ச்சுற்று என்ஜின் கூலன்ட்டோடு சேராத தனிச் சுற்று. முன்னால் ஏசி கண்டென்சருக்கு எதிரே ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஒரு மின் பம்பு, ஒரு டேங்க், 19 மி.மீ. ஹோஸ். பம்பு எப்போதும் டேங்குக்குக் கீழே இருக்க வேண்டும்; அது தானாக நீரை மேலே இழுக்காது. பனி விழாத ஊரில் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலக்கத் தேவையில்லை. கூலன்ட்டிலுள்ள கிளைகால் (உறையாமல் தடுக்கும் திரவம்) குறைந்தால் நீர் அதிக வெப்பம் தூக்கும். துருத் தடுப்பு மட்டும் தவறாமல் இருக்கட்டும்.

பிரிப்பதற்கு முன்

கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்று ஏற்றி, எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) இரண்டையும் செய்யுங்கள். எந்த சிலிண்டராவது 10 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் ப்ளோயரை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த சிலிண்டரைக் கவனியுங்கள். ஏற்கெனவே நினைவில் இருக்கும் ஃபால்ட் கோடுகளைக் குறித்து, சரிசெய்து, அழியுங்கள்.

ஈசியூவில் உள்ள அசல் ஃபைலை முதலிலேயே படித்து எடுத்துவிடுங்கள். பல கிட்களில் அதைக் கம்பெனிக்கு அனுப்பித்தான் புது ஃபைல் வாங்க வேண்டும். பதில் வர நாளாகலாம். பிரித்துப் போட்ட காரை வைத்துக்கொண்டு மின்னஞ்சலுக்குக் காத்திருப்பது நல்ல பொழுதுபோக்கு அல்ல. படிக்கும்போதும் எழுதும்போதும் பேட்டரி சார்ஜர் இணைந்திருக்கட்டும். பாதி எழுதும்போது வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ செத்துப்போகலாம்.

கொயோட்டுக்கே உரிய ஒரு பலவீனத்தையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். ஆயில் பம்பின் உள் கியர்கள் பவுடர் மெட்டல் (உலோகத் தூளை அழுத்திச் செய்தவை). ரெவ் லிமிட்டரில் அடித்து நிற்கும்போதும், சக்கரம் வழுக்கிப் பிடிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்டில் வரும் அதிர்வில் இவை உடையும். உடைந்த நொடியில் ஆயில் அழுத்தம் பூஜ்யம். பில்லட் ஸ்டீல் கியரும் கிராங்க் ஸ்பிராக்கெட்டும் போட முன்பக்க டைமிங் கவரைக் கழற்ற வேண்டும். தெருவில் மட்டும் நிதானமாக ஓட்டுகிறவர் இதைத் தள்ளிப் போடலாம். டிராக் போகும் எண்ணம் இருந்தால், என்ஜின் ஏற்கெனவே பாதி பிரிந்து கிடக்கும் இந்த வேளையிலேயே செய்துவிடுங்கள். அப்படிச் செய்தால் கிராங்க் புல்லி போல்ட் புதிதாக வாங்க வேண்டும். அது ஒருமுறை இழுத்து முறுக்குவதற்கு மட்டுமானது.

கழற்றுதல்

பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டு, தானாக நிற்கும்வரை விடுங்கள். லைனில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவ். கூலன்ட்டை வடியுங்கள். ஸ்ட்ரட் பிரேஸ், கௌல் பேனல், ஏர் பாக்ஸ், இன்டேக் டியூப், த்ராட்டில் பாடி என்று வரிசையாக வரும். பெட்ரோல் லைன் இணைப்புகளுக்கு உரிய விடுவிப்புக் கருவி வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் கிளிப் உடையும், கசிவு அங்கேதான் வரும்.

மேனிஃபோல்டைத் தூக்குவதற்கு முன் அதன் ஓரங்களை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி, காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரு மணல் துகள் வால்வில் சிக்கினாலும் போதும், லீக்டவுன் கெட்டுவிடும். தூக்கிய உடனே எட்டு போர்ட்டுகளையும் அகலமான டேப்பால் ஒட்டுங்கள். துணி திணிக்காதீர்கள், திணித்ததை எடுக்க மறந்த கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

2015-ல் இந்த மேனிஃபோல்டில் வேக்யூமால் இயங்கும் சார்ஜ் மோஷன் பட்டாம்பூச்சி வால்வுகள் சேர்ந்தன. புது மேனிஃபோல்டில் அவை கிடையாது. ஆகவே ஈசியூ ஃபைலில் அவற்றை அணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் செக் என்ஜின் விளக்கு எரியும். அந்த வேக்யூம் குழாய்களைத் தொப்பி போட்டு மூடுங்கள்.

இப்போது தெரிவது சிலிண்டர்களுக்கு நடுவிலுள்ள பள்ளம். நாக் சென்சார்கள் இரண்டும் அங்கேதான். பூஸ்ட் உள்ள என்ஜினுக்குக் காவல்காரர்கள் இவர்கள்தான்; ப்ளோயர் ஏறியபின் கை எட்டாது. கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், வயர் உரசும் இடம் இருந்தால் சுற்றிக் கட்டுங்கள். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர், எலி இழுத்துப்போட்ட குப்பை எல்லாவற்றையும் எடுங்கள்.

ஸ்பார்க் பிளக்கை இப்போதே மாற்றுங்கள். ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பழைய இடைவெளி 1.2 மி.மீ.க்கு மேல். அதை அப்படியே விட்டால், அழுத்தம் ஏறிய காற்றில் பொறி தாவ முடியாமல் உயர் வேகத்தில் விக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 15 நியூட்டன் மீட்டரில் முறுக்கினால் போதும்.

பொருத்துதல்

இன்டர்கூலர் பிரிக்கை (உள்ளே நீர் ஓடும் செங்கல் வடிவப் பாகம்) மேனிஃபோல்டுக்குள் மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்யுங்கள். ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் 1.4 பார் காற்று கொடுத்து, 15 நிமிடம் கேஜ் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு கசிந்தால் நீர் நேராக சிலிண்டருக்குள் போகும். நீர் நிறைந்த சிலிண்டரில் ஸ்டார்ட்டர் அடித்தால் ராட் வளையும். கால் மணி நேரச் சோதனையைச் சோம்பலால் விட்டவர்கள் பிறகு என்ஜினே வாங்கியிருக்கிறார்கள்.

டேப்புகளை எண்ணி எடுங்கள், எட்டு வர வேண்டும். ஹெட்டின் தளத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். புது கேஸ்கட் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருப்பதை விரலால் தடவிப் பாருங்கள். ப்ளோயரும் மேனிஃபோல்டும் சேர்ந்தால் நல்ல கனம். இருவர், முடிந்தால் ஒரு ஹாய்ஸ்ட். நேர் மேலிருந்து இறக்க வேண்டும். வைத்தபின் பக்கவாட்டில் இழுத்தால் கேஸ்கட் மடியும். அப்படி மடிந்த கேஸ்கட், வண்டியை ஸ்டார்ட் செய்தபின் ஐடிலில் என்ஜின் ஊசலாடுவதாகத்தான் வெளிப்படும். போல்ட்களைக் கையால் திருப்பி, நடுவிலிருந்து வெளியே, இரண்டு கட்டமாக 10 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். கிட்டின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே இறுதி.

இன்ஜெக்டர் ஓ ரிங்குகளில் ஒரு துளி என்ஜின் ஆயில் தடவி, நேராக அழுத்திப் பொருத்துங்கள். உலர்ந்த ஓ ரிங் கிழியும். கிழிந்தது தெரியாமல் ஓட்டினால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும்.

பெல்ட்டைப் பொருத்துமுன் எல்லாப் புல்லிகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். ப்ளோயர் புல்லியை பெல்ட் எவ்வளவு சுற்றித் தழுவுகிறது என்பதே பிடிமானம். சின்ன புல்லிக்கு மாறினால் தழுவும் நீளம் குறைகிறது, சுமை கூடுகிறது. இரண்டும் சேர்ந்து வழுக்கும். ஆறு வரி பெல்ட் மிதமான பூஸ்டுக்குப் போதும். அதற்கு மேல் எட்டு அல்லது பத்து வரிக்கு மாறுங்கள். டென்ஷனரை இறுக்கி இறுக்கிச் சமாளிக்கப் பார்த்தால் பேரிங்தான் போகும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர், பம்பு, ஹோஸ் எல்லாம் மாட்டியபின் வாக்யூம் கருவியால் இழுத்து நிரப்புவது சிறந்தது. சாதாரணமாக ஊற்றினால் மேட்டில் காற்று சிக்கும். பம்பு ஓடும்போது டேங்கில் நீர் சுழல்வது கண்ணால் தெரிய வேண்டும். பம்பின் இரைச்சல் கேட்பது மட்டும் போதாது. காற்றில் சுற்றும் பம்பும் இரையும்.

வேக்யூம் குழாய்கள்

இங்கேதான் அனுபவசாலிகளும் இடறுகிறார்கள். இந்த அமைப்பில் த்ராட்டில் முதலில், ரோட்டர் அடுத்து, இன்டர்கூலர் கடைசி. த்ராட்டிலுக்கும் ரோட்டருக்கும் நடுவிலுள்ள இடத்தில் பூஸ்ட் வராது. ரோட்டருக்குக் கீழே, அதாவது காற்று அதைத் தாண்டியபின், பூஸ்ட் வரும். ஆகவே பிரேக் பூஸ்டருக்கும் பிசிவிக்கும் (கிராங்க் கேஸ் ஆவியை இழுக்கும் வால்வ்) குழாய் ரோட்டருக்கு மேலுள்ள இடத்திலிருந்தே போக வேண்டும். பிசிவியைக் கீழே இணைத்தால் பூஸ்ட் கிராங்க் கேஸுக்குள் நுழைந்து, டிப் ஸ்டிக்கைத் தூக்கி எறியும், ஆயில் சீலைக் கசியவிடும். பிரேக் பூஸ்டர் குழாயிலுள்ள ஒருவழி வால்வ் சரியான திசையில் இருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். மாறாக, பூஸ்ட் கேஜும் மேனிஃபோல்டு அழுத்த சென்சாரும் ரோட்டருக்குக் கீழேதான்.

பைபாஸ் வால்வ் இதே கதையின் இன்னொரு பக்கம். மெதுவாக ஓட்டும்போது வேக்யூம் அதைத் திறந்து வைக்கிறது. ப்ளோயர் காற்றைச் சும்மா சுற்றவிடுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வேக்யூம் போய், வால்வ் மூடி, பூஸ்ட் வருகிறது. மூடாமல் மாட்டிக்கொண்டால் பூஸ்டே வராது. திறக்காமல் மாட்டிக்கொண்டால் நெடுஞ்சாலையில் சும்மா போகும்போதே காற்று சூடேறும், ப்ளோயர் அலறும், மைலேஜ் விழும். கையால் நெம்புகோலை அசைத்து, ஸ்பிரிங் இழுத்து மூடுகிறதா என்று பொருத்தும்போதே பாருங்கள்.

கொயோட்டில் பிசிவி வால்வ் அமெரிக்கக் காரின் பயணி பக்கத்து கவரில் இருக்கிறது. அந்த லைனில் ஒரு ஆயில் கேட்ச் கேன் போடுவது நல்லது. ஆயில் ஆவி இன்டர்கூலரில் படிந்தால் குளிர்விப்பது குறையும். சிலிண்டருக்குள் போனால் ஆக்டேனைக் கீழே இழுக்கும்.

மாஸ் ஏர் சென்சார் (உள்ளே போகும் காற்றின் எடையை அளப்பது) எந்தக் குழாயில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தக் குழாயின் விட்டத்துக்கு ஏற்பவே ஈசியூ ஃபைல் எழுதப்பட்டிருக்கும். டியூன் முடிந்தபின் அழகுக்காக வேறு இன்டேக் டியூப் மாட்டினால், ஈசியூ காற்றைக் குறைத்து எண்ணி பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கலாம்.

முதல் ஸ்டார்ட்

புது ஃபைலை ஈசியூவில் எழுதியபின், இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து லைனில் அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு இல்லையென்றால் ஸ்டார்ட். ஐடிலில் விட்டு ஆயில் அழுத்தம், பெல்ட் ஓட்டம், ரேடியேட்டர், நீர்ச்சுற்று எல்லாம் பாருங்கள். சூடு ஏறியபின் ஃபியூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐடிலில் கூட்டலாகவும் வேகத்தில் சரியாகவும் இருந்தால் எங்கோ வேக்யூம் கசிகிறது. ஐடிலில் சரி, சுமையில் கூட்டல் என்றால் பெட்ரோல் போதவில்லை அல்லது மாஸ் ஏர் சென்சார் அளவீடு தவறு.

முதல் 100 கிலோமீட்டர் பூஸ்ட் காட்டாமல் ஓட்டுங்கள். குளிர்ந்தபின் கூலன்ட் அளவு, பெல்ட் இழுவிசை, ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள்.

லாக்

முழு ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டிய இடம் டைனோ. தெருவில் நான்காவது கியரில் இதைச் செய்வது ஆபத்து, சட்டமும் விடாது. லாக்கில் (ஓட்டப் பதிவில்) சேர வேண்டியவை: லாம்டா (காற்று எரிபொருள் விகிதம், சமநிலை விகிதத்தில் எத்தனை பங்கு என்பது), ரெயில் அழுத்தம், இன்ஜெக்டர் டியூட்டி (திறந்திருக்கும் சதவீதம்), ஸ்பார்க் டைமிங், நாக் ரிடார்ட் (நாக் உணர்ந்து ஈசியூ ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும் அளவு), மேனிஃபோல்டு காற்றின் சூடு, பூஸ்ட், த்ராட்டில் கோணம். முதல் ஓட்டத்தை 4,500-ல் விட்டுவிடுங்கள். தாளைப் படித்தபின் 5,500, பிறகு முழுது.

காற்று எரிபொருள் விகிதத்தை எண்ணாகச் சொல்வதைவிட லாம்டாவாகப் பாருங்கள். அமெரிக்க பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் இருப்பதால் அதன் சமநிலை 14.1; பல கேஜ்கள் 14.7 என்று நினைத்துக்கொண்டு காட்டும். ஒருவர் 11.3 என்பார், மற்றவர் 11.8 என்பார். இரண்டும் லாம்டா 0.80-தான். பூஸ்டில் 0.78 முதல் 0.82 வரை நல்லது. 0.85-ஐத் தாண்டினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ரெயில் அழுத்தம் ஆர்பிஎம் ஏற ஏறச் சரிந்தால் பம்பு திணறுகிறது. அதை இன்ஜெக்டரைப் பெரிதாக்கித் தீர்க்க முடியாது. நாக் ரிடார்ட் 3 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே இடத்தில் வந்தால் டைமிங்கைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்ரோலை மாற்ற வேண்டும். காற்றின் சூடு 70 டிகிரிக்கு மேல் போனால் அடுத்த ஓட்டத்துக்கு முன் ஆறவிடுங்கள்.

பூஸ்ட் வரைகோடு இந்த ப்ளோயரில் தட்டையாகவோ சற்று ஏறியோ இருக்கும். 5,500-க்குப் பிறகு கீழே வளைந்தால் முதலில் பெல்ட்டைச் சந்தேகியுங்கள். டென்ஷனர் மேல் கறுப்புத் தூளும் ரப்பர் நாற்றமும் இருந்தால் வழுக்குவது உறுதி. இரண்டும் இல்லையென்றால் ஃபில்டரைப் பாருங்கள்.

ஓட்டம் முடிந்ததும் ஒரு பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால், லாக்கில் நாக் தெரியாவிட்டாலும் உள்ளே நடந்திருக்கிறது. அந்த அலுமினியம் பிஸ்டனிலிருந்து வந்தது.

எது முதலில் போகும்

நாக் வந்தால் பிஸ்டனில் மோதிரங்களுக்கு நடுவிலுள்ள ரிங் லேண்ட் உடையும். சூடு மட்டும் அதிகமானால் மேல் மோதிரம் நீண்டு, இரு முனைகளும் முட்டி, சிலிண்டரைக் கீறும். ராட் வளைவது வேறு காரணத்தால்: கீழ் ஆர்பிஎம்மில் திடீரென வரும் டார்க். ஆறாவது கியரில் 1,800-ல் போய்க்கொண்டிருக்கும்போது முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பது 7,000-ல் ஓட்டுவதைவிட ராடுக்குக் கொடுமை. நல்ல டியூனர்கள் 3,000-க்குக் கீழே த்ராட்டிலை முழுதாகத் திறக்கவிடாமல் எழுதுவது இதனால்தான். அதைச் சோம்பல் என்று நினைத்து நீக்கச் சொல்பவர்கள் உண்டு, நீக்கச் சொல்லாதீர்கள்.

மேனுவல் கியர் காரில் கிளட்ச் முதலில் கை விரிக்கும். மூன்றாவது, நான்காவது கியரில் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் அதுதான். சில மாதங்களில் வரப்போகிற இந்தச் செலவைக் கிட் வாங்கும்போதே சேர்த்துவையுங்கள்.

பிறகு ஓட்டும்போது

ஆயில் 80 டிகிரி வரும்வரை பூஸ்ட் வேண்டாம். கடுமையாக ஓட்டி நிறுத்தியபின் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள், மேனிஃபோல்டு ஊறிய சூடு நீர்ச்சுற்றில் இறங்கட்டும். ஆயிலை 8,000 கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் கேட்ச் கேனைக் காலி செய்து, பெல்ட் விளிம்பில் நூல் பிரிந்திருக்கிறதா, இன்டர்கூலர் டேங்கில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அளவு இறங்கியிருந்து வெளியே கசிவு எதுவும் தென்படாவிட்டால் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எட்டு பிளக்கையும் கழற்றி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேனிஃபோல்டை இறக்கி பிரிக்கை மறுபடி அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள்.